கண்ணில் படாதவற்றின் கணக்கு

ராஜஸ்தானில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாக 2004-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. சில மாதங்கள் கழித்து அங்கே ஒரு புலியைக்கூடக் காணோம். வனத்துறையினர் தேடினார்கள். டேராடூனிலிருந்து இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் வந்து தேடினார்கள். மத்தியப் புலனாய்வுத் துறையும் விசாரணையில் இறங்கியது. கள்ளவேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்று, தோலையும் எலும்பையும் கடத்திவிட்டது தெரியவந்தது. 2005-இல் நாடே அதிர்ந்தது, பிரதமர் தலையிட்டார், புலிகளுக்காகச் சிறப்புப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது.

புலிகள் செத்தது துயரம். அவை செத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஏட்டில் உயிரோடு இருந்தன என்பது அதைவிடப் பெரிய துயரம். ஒரு காட்டில் எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்ற எளிய கேள்விக்கு நாம் எப்படி விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த விலங்குகளின் தலையெழுத்து அமைகிறது. அதனால்தான் களஆய்வு முறைகளைப் பற்றிய இந்த அத்தியாயத்தைச் சரிஸ்காவில் தொடங்குகிறேன்.

அன்றைக்கு நடைமுறையில் இருந்தது காலடித் தட முறை. 1960-களில் ஒடிசா வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்தது. 1972-இல் நாடு முழுக்க நடந்த முதல் புலிக் கணக்கெடுப்பு இதைக் கொண்டுதான் நடந்தது. 1,827 புலிகள் என்று அது சொன்ன பிறகே 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. குறிப்பிட்ட நாட்களில் வனக்காவலர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் பகுதிக்குள் நடப்பார்கள். வண்டித்தடத்துப் புழுதியிலோ ஓடை மணலிலோ புதுத் தடம் கண்டால், அதன்மேல் குட்டையான கால்கள் வைத்த கண்ணாடிப் பலகை ஒன்றை வைத்து, குனிந்து, தடத்தின் விளிம்பைப் பேனாவால் கண்ணாடியில் வரைவார்கள். பிறகு அதைத் தாளில் படியெடுப்பார்கள். சில இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றி அச்சும் எடுப்பார்கள். பின்னங்கால்களில் இடப்பக்கத்துத் தடம்தான் வேண்டும். எல்லாத் தாள்களும் ஓரிடத்தில் சேர்ந்ததும், விரல்களின் வடிவம், அகல நீளம், விரல் இடைவெளி ஆகியவற்றை ஒப்பிட்டு, இது ஒரு புலி, இது வேறு புலி என்று பிரிப்பார்கள்.

படிக்கும்போது பழுதில்லாத முறையாகத்தான் தோன்றும். வெயிலில் நடந்து அந்தத் தாள்களைச் சேர்த்தவர்களின் உழைப்பிலும் குறையில்லை. குறை இருந்தது அடிப்படை நம்பிக்கையில். காட்டிலுள்ள ஒவ்வொரு புலியும் அந்த நாட்களில் மென்மண்ணில் கால் பதித்திருக்க வேண்டும். பதித்த தடம் ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு புலியின் தடத்தையும் இன்னொன்றின் தடத்தையும் பிழையில்லாமல் பிரித்தறிய முடிய வேண்டும். மூன்றும் நடக்காத காரியம். ஒரே புலியின் ஒரே கால், புழுதியில் ஒரு வடிவம் காட்டும், ஈர மணலில் வேறு வடிவம் காட்டும், ஓடும்போது இன்னொன்று காட்டும். கர்நாடகத்தைச் சேர்ந்த புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த், கூண்டில் வளரும் சில புலிகளின் தடப் படிகளைக் கலந்து, இந்த வேலையில் தேர்ந்தவர்களிடமே கொடுத்துப் பார்த்தார். மொத்தம் எத்தனை புலிகள் என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

தடம் பார்க்கும் கலையைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆணா பெண்ணா, குட்டிகள் உடன் வந்தனவா, நேற்று இரவா இன்று காலையா என்று மண்ணைப் பார்த்தே சொல்லும் பழங்குடி வழிகாட்டிகள் இல்லாமல் இந்தியாவில் எந்தக் காட்டாய்வும் நடந்ததில்லை. ஆனால் இங்கே புலி உண்டு என்று சொல்வது வேறு, இத்தனை புலி உண்டு என்று சொல்வது வேறு. இரண்டாவதற்கு, எத்தனை புலிகளை நாம் காணாமல் விட்டோம் என்பதும் தெரிய வேண்டும். அதை அளக்க அந்த முறையில் வழியே இல்லை.

காணாததை எப்படி அளப்பது? இந்தப் புதிருக்கு விடை கிடைத்தது மீன்களிடமிருந்து. 1890-களில் டென்மார்க்கின் மீன்வள ஆய்வாளர் யோஹானஸ் பீட்டர்சன், லிம்ஃபியோர்ட் என்னும் கடற்கழியில் தட்டைமீன்களைப் பிடித்து, அடையாள வில்லை மாட்டித் திரும்ப விட்டார். நம் ஊர்க் கண்மாய் ஒன்றில் அதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். 100 மீன்களைப் பிடித்து, துடுப்பின் ஓரத்தைச் சிறிது கத்தரித்து, மறுபடி நீரில் விடுகிறோம். அவை மற்ற மீன்களோடு கலக்கச் சில நாட்கள் பொறுக்கிறோம். பிறகு மீண்டும் வலை வீசி 60 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றில் 12 மீன்களுக்குத் துடுப்பு கத்தரித்திருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று நம் மீன். கண்மாயிலும் அதே விகிதம்தான் இருக்க வேண்டும். நாம் அடையாளமிட்டவை 100 என்றால், கண்மாயில் மொத்தம் ஏறத்தாழ 500.

500 மீன்களை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது 148 வெவ்வேறு மீன்களைத்தான். மீதியைச் சொன்னது, முன்பு பார்த்ததையே மறுபடி பார்த்த அந்த 12 முறை. இதே தர்க்கத்தைப் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 1802 வாக்கில் தம் நாட்டு மக்கள்தொகையை மதிப்பிடப் பயன்படுத்தினார். 1930-இல் அமெரிக்காவின் ஃபிரெடரிக் லிங்கன், கால் வளையம் மாட்டிய காட்டு வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்களிடம் விழுந்தன என்ற கணக்கை வைத்து, கண்டம் முழுவதற்குமான வாத்துகளின் எண்ணிக்கையைக் கணித்தார். லிங்கன்–பீட்டர்சன் முறை என்று இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது. உயிரியலில் இவ்வளவு சின்னக் கணக்கு இவ்வளவு பெரிய வேலை செய்யும் இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தக் கணக்குக்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டு வலைவீச்சுக்கும் நடுவே மீன்கள் வெளியேறவோ புதிதாக நுழையவோ கூடாது. அடையாளம் அழியக் கூடாது. எல்லா மீனும் வலையில் விழ ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் உயிர்கள் நம்மை ஏமாற்றும். எலிப் பொறியில் வைக்கும் நிலக்கடலை வெண்ணெய்க்கு ருசி கண்ட எலி, பொறியைத் தேடித் தேடி வரும். அப்போது அடையாளமிட்டவையே திரும்பத் திரும்ப விழும். காட்டில் எலிகள் குறைவு என்று கணக்கு சொல்லும். மாறாக ஒருமுறை மாட்டி வெருண்ட எலி அந்தப் பக்கமே தலைகாட்டாது. அப்போது எலிகள் ஏராளம் என்று கணக்கு சொல்லும். இதை ஈடுகட்டத்தான் ஒரே இடத்தில் பலமுறை பொறிவைத்து, ஒவ்வோர் எலியும் எந்தெந்த நாளில் விழுந்தது, எந்தெந்த நாளில் விழவில்லை என்ற முழு வரலாற்றையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

புலிக்கு வில்லை மாட்ட வேண்டியதில்லை. பிறக்கும்போதே அடையாளத்தோடுதான் பிறக்கிறது. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது. 1920-களில் சிவாலிக் மலையடிவாரக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் இதைக் கவனித்தவர். புலி நடக்கும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, அது கால் பட்டு இழுபட்டதும் விளக்கு பளிச்சிட்டுப் படம் விழும்படி அமைத்தார். துப்பாக்கியோடு காட்டுக்குள் போவது பெருமையாக இருந்த காலத்தில் அவர் புகைப்படக் கருவியோடு போனார். அந்தப் படங்களோடு 1927-இல் ஒரு நூலும் வெளியிட்டார். பீட்டர்சனின் கணக்கும் சாம்பியனின் கம்பியும் ஒன்றுசேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1990-களின் தொடக்கத்தில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் அதைச் செய்தார். 1995-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது.

தானியங்கி கேமரா வைப்பதை அருகிலிருந்து பார்த்தால், இந்த முறையின் நுட்பம் புரியும். எங்கே வேண்டுமானாலும் வைப்பதில்லை. புலி நடக்க விரும்பும் வண்டித்தடம், ஓடைக்கரை, இரண்டு பாதைகள் கூடும் இடம் என்று பழைய தடங்களையும் எச்சத்தையும் மரத்தில் நகம் கீறிய அடையாளத்தையும் பார்த்துத் தேர்கிறார்கள். தடம் பார்க்கத் தெரிந்தவரின் அறிவு இங்கேதான் முழுமையாகப் பயன்படுகிறது. பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் இரண்டு கேமராக்களை எதிரெதிரே, ஒன்றின் வெளிச்சம் மற்றதில் விழாதபடி சற்றே விலக்கிக் கட்டுகிறார்கள். புலியின் வலப்பக்க வரி வேறு, இடப்பக்க வரி வேறு. ஒரு நாள் வலப்பக்கமும் மறுநாள் இடப்பக்கமும் மட்டும் படமானால் ஒரே புலி இரண்டாகிவிடும், அதற்காகத்தான் இரண்டு. கேமராவுக்கு முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் வெயிலில் சூடான புல் காற்றில் அசையும் ஒவ்வொரு முறையும் கருவி விழித்துக்கொண்டு படமெடுக்கும். எல்லாம் முடிந்ததும் குழுவில் ஒருவர் கையை ஊன்றித் தவழ்ந்து, புலி நடக்கும் உயரத்தில், கேமராவின் முன்னால் போவார். கருவி அவரைப் படம் பிடித்தால்தான் புலியையும் பிடிக்கும்.

2001–02-இல் காலடித் தட முறை நாட்டில் 3,642 புலிகள் என்று சொல்லியிருந்தது. புதிய முறையில் 2006-க்கான முதல் மதிப்பீடு வந்தபோது எண் 1,411. நாலைந்து ஆண்டுகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன என்று படித்தவர்கள் உண்டு. அழிவு நடந்தது உண்மைதான்; ஆனால் அந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. அவை ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. மூன்றரைக் கோடிக்குச் சற்றே குறைவான படங்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651. மனிதக் கண்ணும் கணினி நிரலும் சேர்ந்து வரிகளை ஒப்பிட்டு, குட்டிகள் நீங்கலாக 2,461 தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டன. அறிவிக்கப்பட்ட எண் 2,967. இடையிலுள்ள 506 புலிகளை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. பார்த்த புலிகள் எத்தனை முறை, எங்கெங்கே திரும்பப் பார்க்கப்பட்டன என்பதிலிருந்தும், கேமரா வைக்காத காடுகளில் கிடைத்த தடயங்கள், இரை விலங்குகள், மனித நடமாட்டம் ஆகியவற்றிலிருந்தும் பிறந்தவை அவை. கேமரா வைக்காத இடங்களுக்கு இப்படி நீட்டிப்பது எந்த அளவு சரி என்பதில் அறிஞர்களிடையே கடுமையான விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதம் நல்லது. சரிஸ்கா காலத்தில் விவாதிக்கவே இடமில்லாமல் இருந்தது.

வரியோ புள்ளியோ தனித்து அறிய உதவாத உயிர்களை என்ன செய்வது? ஒரு கடமானும் இன்னொரு கடமானும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். இங்கே அடையாளத்தின் வேலையைத் தூரம் செய்கிறது. காட்டுக்குள் முன்பே நேர்கோடாகக் குறித்து வைத்த பாதையில் இரண்டு பேர் விடியற்காலையில் ஓசையில்லாமல் நடப்பார்கள். ஏற்கெனவே உள்ள சாலையில் நடக்கக் கூடாது. சில விலங்குகள் சாலையை விரும்பும், சில விலகும். மான் கூட்டம் தெரிந்ததும் நின்று, எத்தனை என்று எண்ணி, திசைகாட்டியால் கோணத்தையும் லேசர் கருவியால் தூரத்தையும் குறிப்பார்கள். இந்த இரண்டிலிருந்தும், நடக்கும் கோட்டுக்கும் மானுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம் கிடைத்துவிடும்.

கோடு மான்களைப் பார்த்துப் போட்டதல்ல. ஆகவே கோட்டை ஒட்டிய முதல் பத்து மீட்டர் பட்டையிலும், ஐம்பது மீட்டர் தள்ளியுள்ள பத்து மீட்டர் பட்டையிலும் சராசரியாக ஒரே அளவு மான்கள்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் குறிப்பேட்டில் பக்கத்துப் பட்டையில் நாற்பது, தூரத்துப் பட்டையில் பத்து என்று இருந்தால், குறைந்த முப்பதும் புதருக்குப் பின்னால் நாம் தவறவிட்டவை. தூரம் கூடக் கூட எண் எப்படிச் சரிகிறது என்ற வளைகோடுதான் அந்தக் காட்டில், அந்தப் பருவத்தில், நம் பார்வையின் குறை. அடர்ந்த மூங்கில் காட்டில் அது சட்டென்று சரியும். புல்வெளியில் மெதுவாகச் சரியும். கோட்டின் மேலேயே நிற்கும் விலங்கைத் தவறவிடக் கூடாது, அது நம்மைக் கண்டு ஓடும் முன்பே தூரத்தைக் குறிக்க வேண்டும் என்ற இரண்டையும் காப்பாற்றினால் போதும்.

நம் மாநில விலங்கான வரையாட்டை எண்ணும்போது இதே தர்க்கம் வேறு வேடத்தில் வருகிறது. வரையாட்டைப் பற்றி 1970-களிலேயே மலை மலையாக ஏறி ஆய்வு செய்தவர் இ.ஆர்.சி. டேவிதார், அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 தமிழ்நாட்டில் வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. செங்குத்துப் பாறைச் சரிவு, நொடியில் மூடும் மஞ்சு, பாறை நிறத்திலேயே உடல்: ஒரு கூட்டத்தைப் பார்ப்பதே பெரும்பாடு. ஆகவே ஒரே சரிவை இரண்டு பார்வையாளர்கள், ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லாமல், தனித்தனியே பார்த்துக் குறிக்கிறார்கள். முதலாமவர் 20 கூட்டங்களைப் பார்த்தார், இரண்டாமவர் 18, இருவர் குறிப்பிலும் இருப்பவை 15 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் பார்த்த 18-இல் 15-ஐ முதலாமவரும் பார்த்திருக்கிறார். ஆகவே அவர் கண்ணுக்கு ஆறில் ஐந்து தப்பாமல் படுகிறது. அப்படியானால் சரிவில் உள்ள கூட்டங்கள் 24. இருவரும் சேர்ந்து பார்த்தவை 23. இருவருமே பார்க்காத ஒரு கூட்டம் எங்கோ பாறை மறைவில் நிற்கிறது. அது பீட்டர்சனின் மீன் கணக்கேதான்.

2024-இல் தமிழ்நாட்டு வனத்துறை வெளியிட்ட எண் 1,031, 2025-இல் 1,303. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் கூடுதலான இடங்களிலும் கணக்கெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓராண்டில் அத்தனை குட்டிகள் பிறந்து தங்கின என்று இந்த எண்கள் சொல்லவில்லை.

பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போய் ஃபுளோரிடாவின் சதுப்புநிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பு அங்குள்ள பாலூட்டிகளைத் துடைத்தெடுத்து வருகிறது. எத்தனை பாம்புகள் உள்ளன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம், அந்தப் பாம்பு இருக்கும் இடத்தில் தேடினாலும் கண்ணில் படும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2017 தொடக்கத்தில் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்குத் துறையும் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்தன. ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று பதினாறு அடிப் பெண் பாம்பு. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் சாலையோரமாக வண்டியில் சென்று, பாம்பைத் தேடினார்கள். இவர்கள் புதருக்குள் நுழைந்து, பாம்பு விட்டுச்சென்ற தாரையையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் தேடினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பார்வையாளரின் திறன் ஓர் எண்ணாக இடம்பெற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓடாமல் நிற்கும் மரங்களை எண்ணுவது எளிது என்று தோன்றலாம். அங்கே சிக்கல் வேறு: எந்த இடத்தில் எண்ணுவது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம், ஏனென்றால் பானைக்குள் எல்லாம் ஒரே சூட்டில் வெந்தது. காடு அப்படி வேகவில்லை. ஓடையோரம் ஒரு காடு, மேட்டில் ஒரு காடு. 1890-களின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காப் புல்வெளியில் ராஸ்கோ பவுண்டும் ஃபிரெடரிக் கிளமெண்ட்ஸும், கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பகட்டான செடிகள் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றிவிடுவதைக் கண்டு, சதுரம் போட்டு அதற்குள் உள்ள ஒவ்வொரு செடியையும் எண்ணத் தொடங்கினார்கள். அந்தச் சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை நம் கால் முடிவு செய்யக் கூடாது. நம் கால் எப்போதும் சாலைக்குப் பக்கத்தில், முள் இல்லாத இடத்தில்தான் நிற்கும். வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் எண்ணை எடுத்து, அது எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் போய்த்தான் தீர வேண்டும்.

முதுமலையில், யானைகளை ஆராய்ந்தவர் என்று பலர் அறிந்த ராமன் சுகுமாரின் குழு, இந்திய அறிவியல் நிறுவனத்தின் சார்பில் 1988-இல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் வில்லை கட்டியது. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகள். அன்றிலிருந்து அவை தொடர்ந்து கவனிக்கப்படுகின்றன. எது தீயில் கருகியது, எது வறட்சியில் காய்ந்தது, எதை யானை ஒடித்தது என்பதெல்லாம் பதிவாகிறது. யானைகள் விரும்பி உண்ணும் கிடியா கலிசினா என்ற மரம் அந்த நிலத்தில் பெருமளவு குறைந்துபோனதை இந்தப் பொறுமைதான் காட்டியது.

நேரமும் இடத்தைப்போலவே ஏமாற்றும். ஊதாத் தவளை ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடக்கும். மழைக்காலத்தில் இனப்பெருக்கத்துக்காக ஒருசில நாட்கள் மட்டும் மேலே வரும். அந்த நாட்களைத் தவறவிட்டவருக்கு அப்படியொரு உயிரே இல்லை. அறிவியல் அதற்குப் பெயரிட்டது 2003-இல். இடுக்கிப் பகுதி மலைமக்களோ அதன் தலைப்பிரட்டைகளை ஓடைப் பாறைகளிலிருந்து எடுத்து உண்டு வந்தவர்கள்.

பூச்சிகளிடம் வந்தால் எண்ணுவதே நடக்காத காரியம், நிறுக்கத்தான் முடியும். ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலர் ரெனே மலேஸ், 1930-களில் பர்மாவில் கூடாரமடித்துத் தங்கியபோது, உள்ளே நுழைந்த பூச்சிகள் மேல்நோக்கியே பறந்து கூடாரத்தின் உச்சி மூலையில் திரள்வதையும், அங்கிருந்த ஓட்டை வழியே வெளியேறுவதையும் கவனித்தார். அந்த ஓட்டையில் ஒரு புட்டி வைத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது மலேஸ் பொறி: வலைத்துணியில் ஒரு கூடாரம், உச்சியில் சாராயம் நிரப்பிய புட்டி. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் 1989 முதல் 2016 வரை, 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், ஒரே அளவில் தைத்த பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டு வந்தார்கள். 27 ஆண்டுகளில் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017-இல் அது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த முடிவுக்கு வலிமை தந்தது நவீனக் கருவி எதுவும் இல்லை. பொறியின் துணி, அளவு, எடைபோடும் முறை எதையும் அவர்கள் இத்தனை ஆண்டும் மாற்றவில்லை.

இதுவரை சொன்னவற்றில் பல, உயிரைக் கையால் தொடாத முறைகள். தொட வேண்டியிருக்கும்போது இன்னொரு பொறுப்பு சேர்ந்துகொள்கிறது. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் சைபீரியப் பகுதிகளிலிருந்து வரும் கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். சாலிம் அலி மிகவும் நேசித்த இடம் அது. பறவை பிடிக்கும் பரம்பரையில் வந்த பீகாரின் மிர்ஷிகார்கள் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையின் மடிப்பில் விழுந்த பறவையை, கால் எந்தப் பக்கம் நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே பின்னோக்கி எடுக்க வேண்டும். அதன் கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வர, முதுகு உள்ளங்கையில் பொருந்த, பிடி இறுகாமல் இருக்க வேண்டும். நெஞ்சை அழுத்தினால் அதனால் மூச்சுவிட முடியாது. இடுக்கியால் வளையத்தை மூடி, அது காலில் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து, இறக்கையை அளந்து, துணிப்பையில் இட்டு நிறுத்து, உடனே விட்டுவிட வேண்டும். கருவி எதைப் பொருத்தினாலும் அதன் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கொசு உள்ளானுக்கு அது ஒரு கிராம்.

வரம்புக்குள் இருந்தாலும் தீங்கு நேரலாம் என்று காட்டியவை அரசப் பெங்குவின்கள். எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்க வசதியாக அவற்றின் துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை மாட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தென்கடலில் உள்ள குரோசே தீவுகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 50 பெங்குவின்களுக்குப் பட்டையும், இன்னும் 50-க்குத் தோலுக்கடியில் மின்னணு வில்லை மட்டும் வைத்துப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: பட்டை சுமந்தவை 39 விழுக்காடு குறைவாகக் குஞ்சு பொரித்தன, பிழைத்திருந்தவையும் 16 விழுக்காடு குறைவு. பட்டை நீந்துவதற்குத் தடையாக இருந்திருக்கிறது. பெங்குவின்கள் குறைவதற்குக் கடல் வெப்பமடைவது எந்த அளவு காரணம் என்று அந்தப் பட்டைகளின் உதவியோடு தேடிய ஆய்வுகளையெல்லாம் மறுபடி எடைபோட வேண்டியதாயிற்று. தவளைகளை அடையாளம் காண விரல் நுனியைக் கத்தரிக்கும் பழக்கத்துக்கும் இதே கதிதான்: கத்தரித்த ஒவ்வொரு விரலுக்கும், அந்தத் தவளை மறுபடி கண்ணில் படும் வாய்ப்பு குறைந்தது. உயிரை வருத்தும் முறை தன் கணக்கையும் கெடுத்துக்கொள்கிறது. எனக்கு இதில் முதலாவதே போதுமான காரணம்; இரண்டாவது, போதாதவர்களுக்கு.

இப்போது விலங்கைப் பார்க்காமலே அது விட்டுச்சென்றதிலிருந்து அதை அறியும் வழிகள் பெருகிவருகின்றன. குளத்து நீரை வடிகட்டி, அதில் கரைந்து மிதக்கும் மரபணுத் துணுக்குகளிலிருந்து அங்கே எந்தத் தவளை வாழ்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அட்டை குடித்த ரத்தத்திலிருந்து, மழைக்காட்டில் எவரும் பார்க்காத பாலூட்டியின் இருப்பை அறிகிறார்கள். நம் நாட்டில் இதன் பெரிய முயற்சி யானைக் கணக்கெடுப்பு. புது லத்தியின் மேல்பூச்சில் யானையின் குடலிலிருந்து உதிர்ந்த செல்கள் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுத்து மரபணுக் குறிகளைப் படித்தால், புலிக்கு வரிபோல யானைக்கும் தனி அடையாளம் கிடைத்துவிடும். அதே யானையின் லத்தி இன்னோரிடத்தில் கிடைத்தால் அது மறுபிடிப்பு. நாடு முழுக்கச் சேகரித்த 21,056 லத்தி மாதிரிகளிலிருந்து 4,065 தனி யானைகள் அடையாளம் காணப்பட்டன.

2025 அக்டோபரில் அறிக்கை வெளியானது. நாட்டில் 22,446 யானைகள். 2017-இல் நேரில் பார்த்து எண்ணி வெளியிட்ட எண் இதைவிடப் பெரியது. உடனே, யானைகள் ஆயிரக்கணக்கில் குறைந்துவிட்டன என்று பேச்சு கிளம்பியது. அறிக்கையைத் தயாரித்தவர்களோ, முறை மாறியிருப்பதால் பழைய எண்ணோடு இதை ஒப்பிடக் கூடாது, இதைப் புதிய தொடக்கப் புள்ளியாகவே கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 22,446-க்குப் பக்கத்தில் அவர்கள் இன்னும் இரண்டு எண்களையும் தந்திருந்தார்கள்: 18,255 முதல் 26,645 வரை. யானைகளின் உண்மையான எண்ணிக்கை இந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பது அதன் பொருள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளுக்கு இடம் விடும் அகலமான எல்லை அது. அடுத்த கணக்கெடுப்பில் இதே முறையில் கூடுதல் மாதிரிகளைச் சேகரித்தால் அந்த அகலம் குறையும். யானைகள் கூடினவா குறைந்தனவா என்று அப்போதுதான் கேட்க முடியும்.